ஊர் கொள்ளாத மாநாடுகள்

மாநாடு கூட்ட விரும்புவோர் முதலில் தலைவரைத் தேடுவார்கள்; பிறகு மண்டபத்தையும் பந்தலையும் பார்ப்பார்கள்; அதன்பின் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பார்கள். வருகிற பிரதிநிதிகள் இரவில் எங்கே தலைசாய்ப்பார்கள் என்ற கேள்வி, அழைப்பிதழ்கள் தபாலில் சேர்ந்து, ‘வருகிறோம்’ என்ற பதில்கள் கட்டுக்கட்டாக வந்து குவிந்த பிறகே பெரும்பாலும் அவர்கள் மனத்தில் உதிக்கும். அப்படி உதித்த வேளையில் ஆளனுப்பி அழைக்கப்படுகிறவர்களில் ஒருவனாகவே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. மதுரையில் ஒரு லாட்ஜில் குமாஸ்தாவாகத் தொடங்கி, சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேஜையில் பல வருஷங்கள் நின்று, பின்னர் மாநாட்டு விருந்தினருக்கு அறை ஏற்பாடு செய்து கொடுப்பதையே தனித் தொழிலாகக் கொண்டவன் நான். இந்த அனுபவத்தில் ஒரு விஷயம் எனக்கு ஐயமின்றித் தெளிவாயிற்று. கூட்டம் பெருகுவது மாநாட்டுக்குக் கீர்த்தி. ஆனால் ஊரில் அறை போதாமற்போகும்போது அந்தக் கீர்த்திக்கு விலை கொடுப்பவர் எப்போதும் கையில் காசு குறைந்தவரே. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த லாட்ஜின் மானேஜர் திருநெல்வேலிக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவர் 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது இளைஞராக அங்கே போய், தொண்டர் முகாமில் வேலை பார்த்தவர். சோஷலிஸ பாணிச் சமுதாயத் தீர்மானத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அண்ணாச்சியோ சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டு அங்கே எழுப்பிய கூடார நகரத்தைப் பற்றித்தான் பேசுவார். இந்தியாவெங்கும் இருந்து வரும் பிரதிநிதிகளைச் சென்னைப் பட்டணத்து ஓட்டல்கள் தாங்கா என்பதை முன்கூட்டியே உணர்ந்து, பட்டணத்துக்கு வெளியே வெட்டவெளியில் ஒரு நகரத்தையே நிர்மாணித்தார்கள் என்பது அவருக்கு ஆயுள் முழுவதும் ஆச்சரியமாக இருந்தது. அரசியல் மாநாட்டுத் தொண்டன் பந்தலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவான். அவனுக்கு அறை தேடும் சிரமம் இல்லை. பிரதிநிதி என்று ஒருவரைப் பெயர் எழுதி அழைத்துவிட்டால் அவருக்குப் படுக்கையும் குளியலும் உண்டு என்று நாம் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்பித்தவர் அவர்தான்.

1981-ஆம் ஆண்டு ஜனவரி 4 முதல் 10 வரை மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது நான் அவரிடம் சின்னக் குமாஸ்தா. மதுரைக்கு யாத்ரீகர்கள் புதியவர்களல்லர். ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் நிற்கும் ஊர் அது. டவுன்ஹால் ரோட்டிலும் மேலவெளி வீதியிலும் லாட்ஜுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஆயினும் அந்த லாட்ஜுகள், இரவு வந்து, விடியலில் மீனாட்சியை தரிசித்து, பகலில் ராமேசுவரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ புறப்பட்டுவிடும் ஜனங்களுக்காகக் கட்டப்பட்டவை. ஒரே மனிதர் ஒரு வாரம் ஒரே அறையில் தங்குவதும், அவருக்கு எழுத மேஜையும் படிக்க விளக்கும் வேண்டியிருப்பதும் அவற்றுக்குப் புதிய அனுபவமாக இருந்தன. மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த அறிஞர்களுக்கு நல்ல அறைகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிட்டன. எங்களைப் போன்ற லாட்ஜுகளின் வாசலில் வந்து நின்றவர்கள், எவரும் அழைக்காமலே தமிழின்மீது கொண்ட அபிமானத்தால் புறப்பட்டு வந்த பள்ளிக்கூடத் தமிழாசிரியர்களும் புலவர்களும் சிறு பத்திரிகைக்காரர்களுமே.

அந்த வாரத்தில் ஒருநாள் அதிகாலையில் அண்ணாச்சி சொன்ன வார்த்தை என் தொழிலுக்கே அஸ்திவாரமாக அமைந்தது. சென்னை ரயில் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் இருபது முப்பது பேர் பெட்டியும் பையுமாக உள்ளே வந்துவிட்டார்கள். எங்கள் லாட்ஜில் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு. முதல்நாள் மத்தியானம் வந்தவர் மறுநாள் மத்தியானம்தான் அறையைக் காலி செய்வார். சாவிப் பலகையில் எல்லா ஆணிகளும் வெறுமையாக இருந்தன. நான் பேரேட்டைப் புரட்டிப் புரட்டி, எந்த அறையில் இன்னொரு கட்டில் போடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, கட்டிலை எண்ணாதே. குழாயை எண்ணு” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, படுக்க இடம் கேட்கிறாங்க...”

“ராத்திரி படுக்க ஒரு பாய் போதும், எவனும் கோவிச்சுக்க மாட்டான். காலையில ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல அத்தனை பேரும் குளிச்சு, வேட்டி மாத்தி, மாநாட்டுக்குப் போகணும். அதுக்கு வழி உண்டா, சொல்லு.”

அன்று அவர், அறைகளைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, மாடியிலிருந்த பொதுக் குளியலறைகளைத் திறந்து விட்டு, கொல்லைக் கிணற்றடியில் இரண்டு அண்டாக்களில் வெந்நீர் போடச் செய்து, பெட்டிகளை ஆபீஸ் அறையில் எண் ஒட்டி அடுக்கி வைத்து, வந்தவர்கள் அத்தனை பேரையும் எட்டரை மணிக்குள் திருநீறும் சலவை வேட்டியுமாகத் தமுக்கம் பக்கம் அனுப்பி வைத்தார். அறைகள் பிற்பகலில் காலியாகக் காலியாக அவர்களுக்குக் கிடைத்தன. பிற்காலத்தில் நட்சத்திர ஓட்டல்களில் வெகுநுட்பமான கணக்குகளையெல்லாம் நான் கற்றேன். ஆனால் ஒரு விடுதி எத்தனை பேரைத் தாங்கும் என்று அளக்க, விடியற்காலை இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேர் அங்கே குளிக்க முடியும் என்பதைவிடச் சரியான அளவுகோலை நான் எங்கும் காணவில்லை. கல்லூரி மாணவர் விடுதிகளை மாநாட்டுக்கு வாங்கும்போது இன்றும் நான் முதலில் பார்ப்பது குளியலறையையும் மேல்நிலைத் தொட்டியையும்தான்.

தண்ணீர் என்றதும் சென்னையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் அறைகளின் எண்ணிக்கை, பருவமழையைப் பொறுத்துச் சுருங்கியும் விரிந்தும் வந்திருக்கிறது என்பதை வெளியூர் நிர்வாகிகள் நம்ப மாட்டார்கள். 2003, 2004-ஆம் வருஷங்களின் வறட்சியிலும், மறுபடி 2019-ஆம் ஆண்டுக் கோடையிலும் லாரித் தண்ணீரை நம்பியே ஓட்டல்கள் நடந்தன. நடுத்தர விடுதிகள் சில ஒரு மாடியைப் பூட்டிவைத்துவிட்டு மீதியை மட்டும் வாடகைக்கு விட்டதை நான் கண்ணாரக் கண்டேன். புள்ளிவிவரப் புத்தகத்தில் அந்த அறைகள் இருந்துகொண்டேதான் இருந்தன.

புத்தகத்து அறைக்கும் கைக்கு வரும் அறைக்கும் உள்ள தூரத்தை நான் உணர்ந்தது சென்னை ஓட்டலில் சேர்ந்த பிறகுதான். எழுபதுகளின் நடுவில் தாஜ் கோரமண்டலும் சோழாவும் எழுந்ததிலிருந்து, இனிச் சென்னையில் எந்த சர்வதேச மாநாடும் நடத்தலாம் என்ற நம்பிக்கை பலருக்கு ஏற்பட்டிருந்தது. மாநாட்டுக் காரியதரிசி ஒருவர் வருவார். ஓட்டல்களின் பெயர்களையும் அறை எண்ணிக்கையையும் வரிசையாக எழுதி, கீழே கோடிட்டுக் கூட்டி, ‘இத்தனை அறை இருக்கிறதே, பிறகென்ன?’ என்பார். நூறு அறை உள்ள ஓட்டலில் சில அறைகள் பழுதுபார்ப்பில் இருக்கும். சில அறைகள் விமான சிப்பந்திகளுக்கென்று வருஷ ஒப்பந்தத்தில் போயிருக்கும். கம்பெனிகள் மாதந்தோறும் அனுப்பும் நிரந்தர விருந்தினருக்கென்று ஒரு பகுதியை நிர்வாகம் கைவிடாது. மூன்று நாள் வந்துபோகும் மாநாட்டுக்காக வருஷம் முழுவதும் வருகிறவரைத் திருப்பி அனுப்ப எந்த முதலாளிக்கும் மனம் வராது. அதில் தவறும் இல்லை. நூற்றில் ஐம்பது கிடைத்தால் அது நல்ல ஒப்பந்தம் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத கணக்கு.

அந்த ஐம்பதிலும் வேறொரு ஓட்டை இருந்தது. பெரிய மருத்துவ மாநாடுகளில், வரவேற்புக் குழு தனக்கென்று அறைகளைப் பிடித்து வைக்கும் அதே வேளையில், மருந்துக் கம்பெனிகள் தாம் அழைத்து வரும் டாக்டர்களுக்கென்று அதே ஓட்டல்களில் தனியாக அறைகளைப் பிடித்து வைக்கும். ஒரே டாக்டரின் பெயரில் குழுவின் பட்டியலில் ஓர் அறை, கம்பெனியின் பட்டியலில் ஓர் அறை என்று இரண்டு இருக்கும். மாநாட்டின் முதல்நாள் இரவில் ஒருபுறம் பூட்டிய அறைகள் ஆளில்லாமல் கிடக்க, மறுபுறம் வரவேற்பு மேஜையின்முன் முதுகலை மாணவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்துக் கம்பெனிகளிடமிருந்து பிரயாணச் செலவும் உபசாரமும் பெறலாகாது என்று டாக்டர்களுக்கு விதி செய்தது. விதி முழுவதும் கைக்கொள்ளப்பட்டதா என்பதை ஆராயும் தகுதி எனக்கில்லை. ஆனால் மொத்தம் மொத்தமாக அறைகளைப் பிடித்து, கடைசி நிமிஷம் வரை விடாமல் வைத்திருக்கும் வழக்கம் என் கண்ணெதிரே குறைந்தது. பட்டியலில் உள்ள பெயரும் அறையில் உள்ள ஆளும் ஒன்றாக இருக்கத் தொடங்கின. அந்த விதியைச் செய்தவர்களுக்கு, ஓட்டல் மேஜையில் நின்றவன் என்ற முறையில் நான் மனமார நன்றி சொல்வேன்.

1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 1 முதல் 5 வரை, எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் கூடியது. மதுரையைப் போலவோ சென்னையைப் போலவோ தஞ்சை பெரிய ஊர் அன்று. பெரிய கோயிலையும் அரண்மனையையும் சரஸ்வதி மகாலையும் பார்க்க வருவோர் ஒருநாள் தங்குவதற்கேற்ற ஓட்டல்கள் சில இருந்தன, அவ்வளவே. ஒரு காலத்தில் அந்தச் சீமை இப்படி இருந்ததில்லை. ராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரை வழியெங்கும் மராத்திய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டி வைத்தார்கள். சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரத்தின் வேலைப்பாட்டை இன்றும் போய்க் காணலாம். வழிப்போக்கனுக்குச் சோறும் இடமும் கொடுப்பதை ராஜாங்கத்தின் கடமையாகக் கொண்ட பூமி அது. நாங்கள் மாநாட்டுக்கு இடம் தேடிப் போன காலத்தில் அத்தகைய சத்திரங்கள் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் மாறியிருந்தன, அல்லது சிதிலமாகிக் கிடந்தன.

ஆதலால் தஞ்சையில் கொள்ளாதவர்கள் திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் போகவேண்டியதாயிற்று. திருச்சி ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அப்போது நான்குவழிச் சாலை கிடையாது. மாநாட்டு வாகனங்களும் கரும்பு வண்டிகளும் ஒன்றின்பின் ஒன்றாக ஊர்ந்த அந்தச் சாலையில் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் ஆவது சகஜமாயிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தமிழன்பர் குழுவுக்கு நான் அறை ஏற்பாடு செய்திருந்தேன். அவர்களுடைய பஸ்ஸில், அனுமதியோடு, தென்னாற்காட்டிலிருந்து வந்த தமிழாசிரியர் ஒருவரும் ஏறிக்கொண்டார். அறுபதை நெருங்கியவர், காக்கிப் பையில் தம் கட்டுரையைக் கையெழுத்துப் பிரதியாக, நூல் கட்டி, வைத்திருந்தார். திருச்சியில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, தஞ்சையில் அமர்வு முடிந்ததும் ஏழு மணிப் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்று அவசரமாக வெளியேறி, இரவு ஒன்பதரைக்கு அறை சேர்ந்து, மறுநாள் மறுபடி ஆறு மணிக்கு வாசலில் நிற்பார்.

மூன்றாம் நாள் நான் அவரைக் கேட்டேன்: “ஐயா, மாநாடு எப்படி இருக்கிறது?”

“கட்டுரைகள் எல்லாம் கேட்டேன், தம்பி. நான் கடிதம் எழுதிக் கடிதம் எழுதியே அறிந்த பேராசிரியர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறார். ராத்திரியில் அவர் அறையில் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்களாம். எனக்குத்தான் பஸ் வந்துவிடுகிறது” என்றார்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. ஒரு மாநாட்டின் முக்கியமான பாதி மேடையில் நடப்பதில்லை. இரவு உணவு முடிந்து, தாழ்வாரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து, நள்ளிரவு வரை பேசுகிற பேச்சில் நடக்கிறது. தொலைவில் தங்க வைக்கப்பட்டவர் அந்தப் பாதியை இழக்கிறார். அப்படித் தொலைவுக்கு அனுப்பப்படுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பேச்சு யாருக்கு அதிகம் தேவையோ அவராகவே இருக்கிறார். பெயர் பெற்ற பேராசிரியருக்கு ஆயிரம் தொடர்புகள் உண்டு. வருஷத்துக்கு நாலு மாநாடு உண்டு. சிற்றூர் ஆசிரியருக்கு ஆயுளுக்கு ஒன்று வாய்ப்பதே அரிது. ஆனால் வசதி படைத்தவர் மண்டபத்தின் அருகிலும், வசதியில்லாதவர் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் தங்கும்படியாகவே எங்கும் அறைகள் பிரிகின்றன. பணம்தான் அப்படிப் பிரிக்கிறது. யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. நாமாக முனைந்து வேறு மாதிரி பிரித்தாலொழிய அது மாறாது.

மேற்சொன்ன மாநாடுகளின் தேதிகளை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மதுரையில் கூடியது மார்கழி. தஞ்சையில் கூடியதும் மார்கழி. 1968-இல் சென்னையில் இரண்டாம் மாநாடு கூடியதும் மார்கழிதான். மார்கழியில் நம் நாட்டில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் ஊரிலுள்ள கல்யாண மண்டபங்கள் அத்தனையும் காலி. மண்டபம் என்றால் கூடமும் சமையற்கட்டும் மாத்திரமல்ல, மணமகன் அறை, மணமகள் அறை, சம்பந்திகளுக்கென்று மாடி அறைகள், பந்திக்கு நூற்றுக்கணக்கான பேர் கைகழுவும் குழாய்கள் எல்லாம் சேர்ந்தது. ஆயிரம் பேரைப் படுக்க வைத்துச் சாப்பாடு போடும் சக்தி அவற்றுக்கு உண்டு. மாநாட்டுத் தேதியைக் குறித்தவர்கள் இதை எண்ணித்தான் குறித்தார்களோ, அல்லது மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுமுன் வரும் சௌகரியத்தை எண்ணிக் குறித்தார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் பலன் கிடைத்தது. மதுரையில் மட்டும் மார்கழிக்கு வேறொரு பிரதிகூலம் உண்டு: சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் லாட்ஜுகளை நிரப்பிவிடுவார்கள். அந்தக் காலம் முதல் நான் எந்த மாநாட்டுக்கும் தேதி கேட்டவுடன், நாட்காட்டியைப் பிறகு பார்ப்பேன். பஞ்சாங்கத்தை முதலில் புரட்டுவேன்.

2010-ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அது ஆனி மாதம்; முகூர்த்தங்கள் உள்ள மாதம். கோயம்புத்தூர் தொழில் நகரம். பம்பு, மோட்டார், பஞ்சாலை வியாபாரமாக வருவோருக்கு அவிநாசி ரோட்டிலும் காந்திபுரத்திலும் ஓட்டல்கள் நிறைய உண்டு. தொழிற்கண்காட்சிகளை நடத்திப் பழகிய ஊருக்குக் கூட்டத்தைச் சமாளிக்கும் பயிற்சியும் உண்டு. ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர் பகலில் வந்து பகலில் போய்விடுவார். இந்த மாநாட்டுக்கோ ஜனங்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதி இரவிலும் இருக்க விரும்பியது. ஒரு பெரிய விடுதி, எனக்கு எழுத்து மூலம் உறுதி செய்திருந்த அறைகளில் பாதியை, முன்பே பேசிய கல்யாணக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டது. அந்த மானேஜரிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை; பெண்ணைப் பெற்றவர் ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கட்டியிருந்தார். பொள்ளாச்சிக்கும் திருப்பூருக்கும் என் விருந்தினரை அனுப்புவதற்குப் பதிலாக, ஊரிலுள்ள அன்பர்களின் வீடுகளைக் கேட்டுப் பார்ப்பது என்று துணிந்தேன்.

அந்தத் துணிவு எனக்கு ஏட்டறிவால் வந்தது. ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில், யுத்தத்தில் குண்டு விழுந்து ஊர் இடிந்து கிடந்த நிலையில், 1947-இல் பெரிய ஏற்றுமதிச் சந்தை தொடங்கினார்கள். ஓட்டல் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லாத ஊரில், குடும்பப் பெண்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, காலைச் சிற்றுண்டியும் கொடுத்து, வெளிநாட்டு வியாபாரிகளைத் தங்க வைத்தார்கள். ‘சந்தை அம்மாக்கள்’ என்ற பொருள்பட அவர்களுக்கு ஒரு செல்லப் பெயரே ஏற்பட்டது. சந்தை உலகப் பிரசித்தி பெற்று, ஓட்டல்கள் பல எழுந்த பிறகும் அவ்வழக்கம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஹானோவரில் முடிந்தது கொங்கு நாட்டில் முடியாதா என்று எண்ணினேன். பீளமேட்டிலும் கணபதியிலும் வீட்டுக்காரர்கள் முகம் மலர்ந்து கதவைத் திறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தம்பதியர், தாம் தங்கிய வீட்டு அம்மாளோடு இன்றளவும் பொங்கலுக்கு வாழ்த்துப் பரிமாறிக்கொள்கிறார்கள். இதை எல்லா மாநாட்டுக்கும் வழக்கமாக்க முடியாது. வீட்டில் தங்குகிறவருக்கும் தங்க வைக்கிறவருக்கும் பரஸ்பர நம்பிக்கை வேண்டும், அதை விளம்பரத்தால் உண்டாக்க முடியாது. இப்போது கைப்பேசி வழியே வீட்டு அறைகளை வாடகைக்கு எடுக்கும் முறை வந்திருக்கிறது. அதில் அறை கிடைக்கும். கூட்ட நாட்களில் அதன் வாடகை ஏறுகிற வேகத்தைப் பார்க்கும்போது, முதலில் விலகிப் போகிறவர் மறுபடியும் அந்தக் காக்கிப் பை ஆசிரியர்தான்.

வாடகையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஓட்டல் கட்டணம் அச்சிட்ட அட்டையில் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மாறும். இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஊரில் மாநாடு என்ற செய்தி பரவிய மறுகணமே கணினி தானாக விலையை ஏற்றிவிடுகிறது. 2003-இல் ஏர் டெக்கான் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கியதிலிருந்து, முன்பு ரயிலில் இரண்டு நாள் பிரயாணம் செய்ய அஞ்சி வராதிருந்தவர்களெல்லாம் மாநாடுகளுக்கு வரத் தொடங்கினார்கள். வருகை பெருகிய வேகத்துக்கு ஓட்டல்கள் பெருக முடியாது. ஓர் ஓட்டல் எழும்ப நிலம், அனுமதி, கடன், கட்டடம் என்று பல வருஷங்கள் பிடிக்கும். 2012-இல் கிண்டியில் கிராண்ட் சோழா அறுநூறு அறைகளோடு திறந்தபோது எங்கள் தொழிலில் எல்லோரும் மூச்சுவிட்டோம். 2023 டிசம்பரில், ஒரு காலத்தில் பார்க் ஷெரட்டன் என்றும் பிறகு கிரௌன் பிளாசா என்றும் வழங்கிய டி.டி.கே. சாலை ஓட்டல் மூடப்பட்டது. ஓட்டல் நடத்துவதைவிடக் குடியிருப்பு கட்டி விற்பது லாபம் என்று நகரத்து நிலத்தின் விலை தீர்மானிக்கும் காலம் இது.

இந்த நெருக்கடிக்கு நடுவில், நன்கு நடத்திக் காட்டிய காரியமாக நான் கருதுவது 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த நாற்பத்துநான்காவது செஸ் ஒலிம்பியாட். ருஷ்யாவில் நடக்க வேண்டியது. யுக்ரேன் போரினால் அங்கிருந்து விலக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு அளிக்கப்பட்டது. ஜூலை 28-இல் தொடக்கம். நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் வரவேண்டும். தயாரிக்க நாலரை மாதம்கூட இல்லை. மாமல்லபுரம் என்பது கடற்கரையில் ஒரு சிற்றூர். அத்தனை பேருக்கும் அங்கே அறை கிடையாது. அறைப் பட்டியல் தயாரிப்பதில் எனக்கும் சிறு பங்கு கிடைத்தது. ஆட்டம் நடக்கும் பூஞ்சேரி ஓட்டலை நடுவாக வைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகவும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகவும் உள்ள விடுதிகளில் ஆட்டக்காரர்களைப் பரப்பி வைத்து, பஸ்களைக் கொண்டு இரண்டையும் இணைத்தார்கள். ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது பெரிய அனுகூலம். விடியற்காலைக் குளியல் நெருக்கடி எழவே இல்லை. அதனினும் பெரிய அனுகூலம், அது ஆடி மாதம். கடற்கரை விடுதிகளில் இப்போது நடக்கும் ஆடம்பரக் கல்யாணங்கள் ஒன்றுகூட அந்த நாட்களில் இல்லை. தொலைவில் தங்கியவரும் அருகில் தங்கியவரும் ஒரே மாதிரி பஸ்ஸில், ஒரே மாதிரி காவலோடு, உரிய நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். சிறிய நாட்டின் அணி என்பதற்காக ஒருவரும் வழியில் நிற்கவில்லை. அதைப் பார்த்தபோது தஞ்சாவூர்ச் சாலை என் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஒலிம்பியாடுக்கு வருவோரின் பெயர்கள் முன்கூட்டியே தெரியும். அதற்கு அரசாங்கத்தின் முழு பலமும் பின்னே இருந்தது. பொதுவான மாநாடுகளில், பதிவு செய்பவர்களில் கணிசமானோர் கடைசி மாதத்தில்தான் பணம் கட்டுகிறார்கள். ஆகவே நான் இப்போது எந்தக் குழுவிடமும் முதலில் வைக்கும் நிபந்தனைகள் இரண்டு. படுக்கைக் கணக்கு முடிந்த பிறகே பதிவுப் படிவத்தை வெளியிட வேண்டும். படிவத்திலேயே தங்குமிடம் வேண்டுமா என்று கேட்டு, இடம் தீர்ந்த அன்று அந்தப் பகுதியை மூடிவிட வேண்டும். இரண்டாவது, மண்டபத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள இடங்களை, அவை விடுதியானாலும் ஹாஸ்டலானாலும், மாணவர்களுக்கும் சிற்றூர்களிலிருந்து வருவோருக்கும் முதலில் ஒதுக்க வேண்டும். நட்சத்திர ஓட்டல் தொலைவில் இருந்தாலும் கெடுதல் இல்லை. முதல் நிபந்தனையை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவர் சங்கத்தின் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மூத்த டாக்டர் ஒருவர், சிறப்புரையாற்ற வருகிற பெரியவர்களைப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் வைப்பதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று ஆட்சேபித்தார். காரியதரிசியாக இருந்த அம்மையார், தாம் மதுரையில் மாணவியாக இருந்த காலத்தில் ஒரு மாநாட்டுக்காகத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்ததைச் சொல்லிவிட்டு, “சார், அவங்களுக்கு நாம கார் அனுப்பப் போறோம். பசங்களுக்கு யாரு அனுப்பப் போறா?” என்றார். சற்று நேரம் விவாதித்து, மண்டபத்தை ஒட்டியிருந்த கல்லூரி ஹாஸ்டலின் இரண்டு மாடிகளை மாணவர்களுக்கென்று எழுதினார்கள். சிறப்புரையாளர்களில் ஒருவர், செய்தி கேட்டு, தமக்கும் அந்த ஹாஸ்டலிலேயே ஓர் அறை தரும்படி கடிதம் எழுதினார். இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தோம். மூன்று இரவுகளும் அந்த மாடியில் விளக்கு அணைய ஒரு மணி ஆயிற்று என்று வார்டன் என்னிடம் புகார் சொன்னார்.